மூட்டை தூக்கும் முதலாளி!

பைல் எழுதும்போது கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவது ஏன்? குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கல்யாண வீட்டில் எடுத்த போட்டோக்கள் 4 ஆயிரம். அவற்றைக் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு பென் டிரைவுக்கு மாற்றுகிறீர்கள்.

உடனே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்விசிறி "உய்ங்" என்று இரைகிறது. அடிப்பக்கம் சுடுகிறது. மவுசை அசைத்தால் அம்புக்குறி நகர மறுக்கிறது.

இதைப் பார்த்ததும் பலர் என்ன சொல்கிறார்கள்?

"கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான்!" என்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

பைல் எழுதுவது கம்ப்யூட்டரின் மூளைக்குப் பெரிய வேலையே அல்ல. அப்படி இருந்தும் மூளை திணறுகிறது என்றால், வேறு யாரோ அதற்கு வேலை வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த "யாரோ" யார்? வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்கலாம். காசு செலவு இல்லை.

அரிசி மண்டி

ஓர் அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் 100 மூட்டை வந்து இறங்குகிறது. முதலாளி என்ன செய்கிறார்? ஆட்களைக் கூப்பிடுகிறார். "இந்த 100 மூட்டையையும் மூன்றாம் கிடங்கில் அடுக்குங்கள்" என்கிறார். அவ்வளவுதான்! பிறகு தன் கணக்கைப் பார்க்கப் போய்விடுகிறார்.

ஆட்கள் மூட்டையைத் தூக்குகிறார்கள். அடுக்கி முடித்ததும் "முடிந்தது, அய்யா" என்று ஒரு குரல் கொடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டரும் ஒரு மண்டிதான்.

முதலாளி யார்? "பிராசசர்" என்ற மூளை. கணக்குப் போடுவது, முடிவு செய்வது எல்லாம் அதன் வேலை.

கிடங்கு எது? "டிஸ்க்". நம் போட்டோவும் கடிதமும் நிரந்தரமாகத் தங்கும் இடம் அதுதான். பென் டிரைவும் ஒரு சின்னக் கிடங்கு.

வாசல் திண்ணை எது? "மெமரி". மூட்டைகளைத் தற்காலிகமாக இறக்கி வைக்கும் இடம்.

திண்ணையில் இருந்து கிடங்குக்கு மூட்டையைக் கொண்டு போக, தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு "டி.எம்.ஏ." என்று பெயர். முதலாளியின் கை படாமலே சரக்கு நேராகக் கிடங்குக்குப் போய்விடும்.

மூளை உத்தரவு போட்டால் போதும். அது மூச்சு வாங்குகிறது என்றால் முதலாளியே மூட்டை தூக்குகிறார். அல்லது ஒவ்வொரு மூட்டைக்கும் அவரை யாரோ எழுப்பி வேலை வாங்குகிறார்கள்!

ஒரு டன் கிடங்கு

கம்ப்யூட்டர் டிஸ்க் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1956-ம் ஆண்டில். அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி அதைக் கொண்டுவந்தது. "ராமாக்" என்று பெயர்.

அதில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம். மொத்த எடை ஏறத்தாழ ஒரு டன். இத்தனை பெரிய யந்திரத்தில் எழுத முடிந்தது 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவே அதற்குள் அடங்காமல் போகலாம்!

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் சரக்கு ஏற்றுவதையும் இறக்குவதையும் பெரும்பாலும் மூளையே கவனிக்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மூளை, மூட்டை நகரும் வரை காத்துக் கிடந்தது.

"இது என்ன கொடுமை?" என்று யோசித்தார்கள். 1950-களின் கடைசியில் வந்த ஐ.பி.எம். 709 என்ற கம்ப்யூட்டரில், சரக்கைக் கவனிக்கத் தனி ஏற்பாடு வைத்தார்கள். ஆட்கள் மூட்டை தூக்க, முதலாளி கணக்குப் பார்த்தார். இன்றைய கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அந்த வழிதான்.

ஆறு தவறு

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பழைய வழியும் நெடுநாள் கூடவே இருந்தது. அதற்கு "பி.ஐ.ஓ." என்று பெயர். முதலாளியே மூட்டை தூக்கும் வழி அது. அதனால் வந்த ஒரு வினோதத்தைக் கேளுங்கள்.

2001-ம் ஆண்டில் "விண்டோஸ் எக்ஸ்.பி." வந்தது. டிஸ்குக்குச் சரக்கு அனுப்பும்போது மொத்தம் 6 முறை தவறு நேர்ந்தால், அது வேகத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளும். தவறு தொடர்ந்தால் படிப்படியாகக் கீழே இறங்கும். கடைசியில் பி.ஐ.ஓ. வழிக்கே போய்விடும்!

போவதை யாருக்கும் சொல்லாது. தானாகத் திரும்பி வரவும் செய்யாது.

பி.ஐ.ஓ. வழியில் மூளை ஒரு தடவைக்கு 2 "பைட்" வீதம் சரக்கைத் தூக்கியது. ஒரு எம்.பி. அளவுள்ள பைலுக்கு 5,24,288 தடவை நடக்க வேண்டும். 700 எம்.பி. அளவுள்ள சினிமாப் படத்துக்கு? 36 கோடி தடவைக்கு மேல்! மூளை திணறாமல் என்ன செய்யும்?

இந்தத் தவறுகளுக்குப் பல வீடுகளில் காரணமாக இருந்தது என்ன தெரியுமா? டிஸ்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஒரு பட்டை ஒயர்! அது தளர்ந்திருந்தாலோ, பழுதாகி இருந்தாலோ போதும். ஒயரை மாற்றி, டிஸ்க் இணைப்பைக் கம்ப்யூட்டரின் பட்டியலில் இருந்து நீக்கி, மறுபடி இயக்கினால் பழைய வேகம் திரும்பிவிடும்.

எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த ஆதரவு 2014-ல் நின்றது. அந்தப் பட்டை ஒயரும் புதிய கம்ப்யூட்டர்களில் இல்லை. ஆனால் பாடம் நிற்கிறது: வியர்ப்பது ஓரிடம், கோளாறு வேறிடம்.

பெயரைப் பாருங்கள்

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

துப்பறிவதற்கு ஒரு கருவி வேண்டும். அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய 3 விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். "டாஸ்க் மேனேஜர்" திறக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் இதற்கு "ஆக்டிவிட்டி மானிட்டர்" என்று பெயர். லினக்ஸ் கம்ப்யூட்டரில் "டாப்" என்று பெயர்.

டாஸ்க் மேனேஜரில் இப்போது ஓடும் வேலைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று கட்டங்கள் இருக்கும். சி.பி.யு. என்பது மூளை. அந்தத் தலைப்பை ஒரு முறை தட்டுங்கள். மூளையை அதிகம் தின்னும் வேலை முதல் வரிக்கு வந்துவிடும்.

இப்போது பைலை மாற்றத் தொடங்குங்கள். இரண்டு கட்டங்களையும் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதம், மூளை சும்மா இருக்கிறது. அப்படியானால் கிடங்குதான் மந்தம். பழைய சுழலும் டிஸ்கை மாற்றி, "எஸ்.எஸ்.டி." போட்டால் பயன் உண்டு.

மூளை உச்சத்தில், டிஸ்க் சும்மா இருக்கிறது. அப்படியானால் புது டிஸ்க் வாங்குவது வீண் செலவு! குற்றவாளி மூளையிடம் வேலை வாங்கும் ஆள்தான். முதல் வரியில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காவல்காரர்

சந்தேகத்துக்கு உரியவர்களில் முதல் ஆள் காவல்காரர். அதாவது, வைரஸ் தடுப்பு.

கிடங்குக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். உள்ளே பாம்பு இருக்கிறதா, தேள் இருக்கிறதா என்று சோதிக்கிறார். சோதனை மூளையின் வேலை. ஆகவே மூளை வியர்க்கிறது.

விண்டோஸுடன் வரும் காவல்காரரின் பெயர் "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள்" என்று பட்டியலில் இருக்கும். பைல் மாற்றும்போது அந்தப் பெயர் மேலே வந்தால் பயப்பட வேண்டாம். அவர் கடமையைச் செய்கிறார்.

ஆனால் ஒன்று. சிலர் இரண்டு மூன்று வைரஸ் தடுப்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே மூட்டையை மூன்று பேர் பிரித்துப் பார்க்கிறார்கள்! நல்லதாக ஒன்று போதும். மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

"காவலே வேண்டாம்" என்று அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது போல!

பட்டியல் எழுதுபவர்

இரண்டாவது ஆள், பட்டியல் எழுதுபவர்.

நீங்கள் ஒரு பைலைத் தேடினால் கம்ப்யூட்டர் சட்டென்று எடுத்துக் கொடுக்கிறதே, எப்படி? எந்தப் பைல் எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது. புதிதாக 4 ஆயிரம் போட்டோ கம்ப்யூட்டருக்குள் வந்தால் 4 ஆயிரம் குறிப்பு எழுத வேண்டும்.

விண்டோஸில் இவர் பெயர் "சர்ச் இன்டெக்சர்". ஆப்பிளில் "எம்.டி.வொர்க்கர்". எழுதி முடித்ததும் தானே ஓய்ந்துவிடுவார். இரவில் அப்படியே விட்டால் காலையில் சரியாகிவிடும்.

இவருக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. வீட்டில் உள்ள பைலை உடனுக்குடன் இன்டர்நெட் கிடங்குக்கு நகல் அனுப்பும் "ஒன் டிரைவ்" போன்ற வேலைகள். பெரிய மாற்றல் நடக்கும்போது அதைச் சற்று நிறுத்தி வையுங்கள். பிறகு மறக்காமல் தொடங்கி விடுங்கள்.

பூட்டும் சுருக்கும்

சில கிடங்குகளில் ஒவ்வொரு மூட்டைக்கும் பூட்டுப் போட வேண்டும். திருடன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. விண்டோஸில் இதற்கு "பிட்லாக்கர்" என்று பெயர்.

பூட்டுவது என்றால் எழுத்துக்களைக் கணக்குப் போட்டு உருமாற்றுவது. அதுவும் மூளையின் வேலையே.

2010-ம் ஆண்டில் இன்டெல் கம்பெனி, இந்தப் பூட்டு வேலையை வேகமாகச் செய்யும் வசதியை மூளைக்குள்ளேயே வைக்கத் தொடங்கியது. அந்த வசதி உள்ள மூளைக்குப் பூட்டு பெரிய சுமை அல்ல. வசதி இல்லாத பழைய மூளைதான் திணறும். அதற்காகப் பூட்டை எடுத்துவிடாதீர்கள். வேகத்தைவிடப் பாதுகாப்பு பெரிது.

சுருக்குவது வேறு. இடத்தை மிச்சம் பிடிக்க, மூட்டையை மிதித்து மிதித்துச் சின்னதாக்குவது. விண்டோஸ் 10, 11-ல் பைல் படத்தின் மூலையில் இரண்டு நீல அம்புகள் தெரிந்தால் அது சுருக்கிய பைல். கிடங்கில் இடம் இருந்தால் இந்தச் சுருக்கு தேவை இல்லை.

பொடி மூட்டை

அடுத்தது, ஆள் அல்ல. சரக்கின் குணம்!

100 கிலோ மூட்டை ஒன்று. 10 கிராம் பொட்டலம் 10 ஆயிரம். எடை ஒன்றுதான். ஆனால் எதற்கு ரசீது போடுவது கஷ்டம்?

ஒவ்வொரு பைலுக்கும் பெயர் பதிய வேண்டும். இடம் ஒதுக்க வேண்டும். தேதி குறிக்க வேண்டும். காவல்காரர் பார்க்க வேண்டும். பொடிப் பைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், எழுதும் நேரத்தைவிட ரசீது போடும் நேரம் அதிகம்.

என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் ஒரே "ஜிப்" பைலாகக் கட்டி, அதை மாற்றுங்கள். போட்டோக்கள் ஏற்கனவே சுருங்கியவை. ஆகவே சுருக்காமல் கட்டினாலே போதும்.

தரகர்

லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சந்திக்கும் ஆள் இவர்.

விண்டோஸ் டிஸ்கில் எழுதும் முறைக்கு "என்.டி.எப்.எஸ்." என்று பெயர். அதில் லினக்ஸ் எழுதுவதற்குப் பல ஆண்டுகளாகத் துணையாக இருந்தது "என்.டி.எப்.எஸ்.-3ஜி" என்ற தரகர். அவர் மண்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு மூட்டையும் வெளியே போய், அவர் கை பட்டு, மறுபடி உள்ளே வரவேண்டும். அந்த அலைச்சல் மூளையின் தலையில் விழுந்தது.

அதுவும் 4 கே.பி. துண்டு துண்டாக! ஒரு ஜி.பி. பைலை 2,62,144 துண்டாக்கி அனுப்பியது. "பிக் ரைட்ஸ்" என்று ஓர் உத்தரவு உண்டு. அதைப் போட்டால் ஒரு துண்டு 128 கே.பி. வரை போகலாம். துண்டுகள் 8,192 ஆகக் குறையும். பாரம் அதேதான், நடைதான் குறைகிறது!

2021-ல் வந்த லினக்ஸ் 5.15-ல், தரகர் இல்லாமல் உள்ளேயே எழுதும் வசதியைச் சேர்த்தார்கள். டாப் பட்டியலில் "மவுன்ட் என்.டி.எப்.எஸ்." என்ற பெயர் மேலே நின்றால், தரகர்தான் வேலை செய்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தோளைத் தட்டுபவர்

விண்டோஸ் பட்டியலில் "சிஸ்டம் இன்டரப்ட்ஸ்" என்று ஒரு வரி உண்டு. மூட்டை இறங்கியதும் ஆள் வந்து முதலாளியின் தோளைத் தட்டுகிறார் அல்லவா? அந்தக் கணக்கு அது.

சாதாரணமாக அது மிகக் குறைவாகத்தான் இருக்கும். பைல் எழுதும்போது எல்லாம் அது ஏறி நின்றால், ஒயரையும் இணைப்பையும் சந்தேகப்படுங்கள். வேறு துளையில் செருகிப் பாருங்கள். வேறு ஒயர் போட்டுப் பாருங்கள். டிஸ்கை இயக்கும் "டிரைவர்" பழசாக இருந்தால் புதுப்பியுங்கள்.

நிரபராதி

எண்ணைப் பார்த்து ஏமாறவும் கூடாது.

லினக்ஸின் டாப் பலகையில் "டபிள்யு.ஏ." என்று ஓர் எண் வரும். அது உயர்ந்தால் மூளை உழைக்கிறது என்று அர்த்தம் அல்ல. டிஸ்க் வேலையை முடிக்கட்டும் என்று மூளை காத்திருக்கிறது. அது நிரபராதி!

அதற்கு நேர்மாறாகவும் உண்டு. இன்றைய பிராசசருக்குள் பல மூளைகள் இருக்கின்றன. 8 மூளை இருந்தால், ஒரு வேலை ஒரு மூளையை முழுக்கத் தின்றாலும் டாஸ்க் மேனேஜர் 12 அல்லது 13 சதவீதம்தான் காட்டும். "இவ்வளவுதானே" என்று விட்டுவிடாதீர்கள். லினக்ஸின் டாப் அதையே 100 சதவீதம் என்று காட்டும்.

மூன்று சோதனை

பெயர் தெரிந்தும் சந்தேகம் தீரவில்லையா? இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

1. ஒரு ஜி.பி. அளவுள்ள ஒரே பைலை மாற்றுங்கள்.

2. அதே அளவுக்குப் பொடிப் பைல்கள் உள்ள ஒரு பெட்டியை மாற்றுங்கள்.

3. முதல் பைலை வேறு ஒரு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

முதலாவது சுலபம், இரண்டாவது கஷ்டம் என்றால், காரணம் பொடி மூட்டை. காவல்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு டிஸ்கில் மட்டும் கஷ்டம் என்றால், அந்த டிஸ்கின் பூட்டு, சுருக்கு, ஒயர், தரகர் ஆகியவற்றைப் பாருங்கள்.

எங்கே மாற்றினாலும் கஷ்டம் என்றால், பட்டியலில் மேலே நிற்கும் வேலைதான் குற்றவாளி.

ஒவ்வொரு சோதனைக்கும் முன் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி இயக்கி, சில நிமிடம் ஓய விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

கொள்ளைக்காரன்

கடைசியாக, ஒரு பயங்கரமான ஆள்.

நீங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் மூளையும் டிஸ்கும் மும்முரமாக வேலை செய்கின்றன. மேலே நிற்பது உங்களுக்குத் தெரியாத பெயர். பைல்களைத் திறந்தால் திறக்கவில்லை. பெயர்களின் வால் மாறியிருக்கிறது.

உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள்! வெளி டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இது "ரான்சம்வேர்" என்ற கொள்ளையாக இருக்கலாம். உங்கள் மூட்டைகளுக்கு அவன் பூட்டுப் போடுகிறான். சாவிக்குப் பணம் கேட்பான்.

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி "வான்னாக்ரை" என்ற கொள்ளை நிரல் பரவியது. 150 நாடுகளுக்கு மேல் தாக்கியது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளே திண்டாடின. ஒரு கம்ப்யூட்டருக்கு 300 டாலர் கேட்டார்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே, கம்ப்யூட்டர் "புதுப்பிக்கவா?" என்று கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமான போட்டோக்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றித் தனியாக வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்கில் எந்தக் கொள்ளைக்காரனும் பூட்டுப் போட முடியாது.

பிடுங்காதீர்கள்!

பொறுமை இழந்து பென் டிரைவைப் பாதியில் பிடுங்குவோர் உண்டு. அது கூடாது. "முடிந்தது" என்று திரையில் தெரிந்தாலும், சில மூட்டைகள் இன்னும் திண்ணையில் இருக்கலாம். கிடங்குக்குப் போய்ச் சேரும் முன் பிடுங்கினால் அவை போனது போனதுதான். "எஜெக்ட்" கொடுத்து, பிறகு எடுங்கள்.

கடைக்காரர் "புது கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்று சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"பைல் எழுதும்போது பட்டியலில் மேலே நிற்கும் பெயர் என்ன?"

அவர் பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு பணப்பையைத் திறக்கலாம்!